காற்று வரும் பக்கம்

ஜூலை 18, வெள்ளி

விடியும்போதே மேல்காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி அடுத்த வீட்டு முருங்கையில். வாங்க வேண்டியது: துணி கிளிப், பச்சரிசி, மகள் அஃப்ரினுக்கு கிராஃப் நோட்டு.

மச்சான் சுபுஹு தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தோசை ஆறிப்போன பிறகுதான் வந்தார். ஷார்ஜாவை முடித்துக்கொண்டு, விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. என் கணவர் பெரிய டிவியோடு வருவார் என்று தெரு முழுக்க எதிர்பார்த்தது. வந்தது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பிரித்துப்போட்ட சைக்கிள்.

அதன் சக்கரத்தைத்தான் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். நம் சைக்கிள் மாதிரி மெலிசான ரிம் இல்லை. டயருக்கு உள்ளே மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு சுவர். கார்பனாம். எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். வேகமெடுத்தால் ‘ஹூம்ம்’ என்று உள்ளிருந்து ஒரு சத்தம்.

கால்சட்டை வேறு, தோலோடு ஒட்டினாற்போல். அதற்கு மேல் கைலியைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே தெருவைக் கடக்கிறார். பாலம் தாண்டியதும் கைலி பைக்குள் போய்விடும். திரும்பும்போது பாலத்தில் மறுபடி கைலி.

எதிர்வீட்டு ஹமீதா லாத்தா வாசலில் நின்று கேட்டார்: “ஏம் புள்ள ஜரீனா, ஒம் மாப்புள துபாய்லேந்து சைக்கிள்லயே வந்துட்டாரா?”

“துபாய் இல்ல லாத்தா, சார்ஜா” என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 19, சனி

பள்ளிக்கூடம் அரை நாள். இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. ஹெச்.எம். லீவு, அதனால் எல்லோருக்கும் சந்தோஷம்.

மதியம் போன். குத்தாலம் போகிற ரோட்டில் பஞ்சர். கருவேல முள் ஏறி, டியூபே கிழிந்துவிட்டதாம். ஸ்கூட்டியில் போனேன். ஒரு சைக்கிள் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. கடைக்காரர் டியூபை எடுத்து ரிம்மில் வைத்துக் காட்டினார்.

“இங்க பாருங்கக்கா. ரிம்மு இவ்வளவு ஆழம். நம்ம டியூப் வால்வு வெளியவே எட்டிப் பாக்காது. உள்ளயே நின்னுரும். திருச்சியில கேட்டுப் பாருங்க.”

சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு, அந்தச் சக்கரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஏறினார். விட்டுவிட்டு வர மனசில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான்தான் அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் லீவில் வரும்போது மட்டும். இன்று அவர் கை என் தோளில். பள்ளம் வரும்போதெல்லாம் “மெதுவா, மெதுவா” என்றார். காற்று அந்தச் சக்கரத்தைக் குடை மாதிரி பிடித்து இழுத்தது. நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன், அவர் என் தோளை.

வீட்டுக்கு வந்ததும், “நல்லா ஓட்டுற” என்றார். லைசென்ஸ் எடுத்த வருஷம் போனில் சொன்னேனே. மறந்திருப்பார்.

ஜூலை 22, செவ்வாய்

புது டியூப் கூரியரில் நேற்றே வந்தது. இன்று விழுந்து வந்தார்.

நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்கச் சேறு. முழங்கைத் தோல் உரிந்து ரத்தம். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார்.

கிணற்றடியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். கழுத்தில், காதுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் வயல் சேறு. முதுகில் ஒரு மச்சம் இருக்கிறது. இவ்வளவு காலம் நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

“தெக்கப் போற ரோட்டுல வீடு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல. வெட்டவெளி வந்ததும் வலப்பக்கத்துலேந்து காத்து தள்ளுது. நானும் அந்தப் பக்கமே சாஞ்சு ஓட்டுறேன். அப்பப் பாத்து ஒரு பஸ் பக்கத்துல போச்சு. காத்து நின்னுபோச்சு. பஸ் தாண்டுனதும் பொட்டுனு ஒரு அடி. முன்சக்கரம் எம் பேச்சைக் கேக்கல.”

“பஸ்ஸுக்கு அடியில போகாம வயலுக்குள்ள போனீங்களே, அல்லாவே.”

அஃப்ரின் யூனிஃபார்மோடு எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தா, நீங்க ரேஸர் இல்ல, நாத்து” என்றாள். மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்குத் தாமதம். வகுப்பில் ஒரு பையன், “மிஸ், ஒங்க கையெல்லாம் சேறு” என்றான். அப்போது பாத்ரூம் போய் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 23, புதன்

டெட்டால் தீர்ந்துவிட்டது.

மச்சானின் பழைய சூப்பர்வைசர் இப்போது கத்தாரில் இருக்கிறாராம். போன் செய்தார். ஏ.சி. மெயின்டனன்ஸ் வேலை, தெரிந்த ஆள் வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். மச்சான் கூடத்தில் நின்று பேசினார். “யோசிச்சு சொல்றேன் பாய்.” வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க முடிவு பண்ணுங்க” என்றேன்.

ஒவ்வொரு தடவை விசா புதுப்பிக்கும்போதும் போனில் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகச் சொல்கிறது.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா. பிரியாணி இல்லை, நெய்ச்சோறு. தால்சாவில் உப்பு கூடிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரணில், சைக்கிளோடு வந்த சாதாரண சக்கரம் ஒரு ஜோடி இருக்கிறது. காற்றடிக்கிற மாதத்தில் அதைப் போட்டால் என்ன, அட, முன்னால் மட்டுமாவது போட்டால் என்ன என்று கேட்டேன். வழக்கமாக எதற்கும் சரி என்பார். இந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் முடிவுதான். இதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“அங்க வெள்ளிக்கிழமை காலையில பாலைவன ரோட்டுல போவோம். நானு, ஒரு பிலிப்பைன்ஸ்காரன், ரெண்டு கேரளாக்காரங்க. இந்த சக்கரம் அந்த பிலிப்பைன்ஸ்காரனோடது. ஊருக்குப் போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். வேகம் வந்து இந்த சத்தம் கேட்டுச்சுன்னா, ஒண்ணுமே நினைப்பு வராது. ரூம் நினைப்பு வராது, வேலை நினைப்பு வராது.”

எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார்.

“ஒங்க நினைப்பும் வராது ஜரீனா. அந்த ஒரு மணி நேரம் மட்டும். அதனாலதான் மிச்ச நேரமெல்லாம் இருக்க முடிஞ்சுச்சு.”

என்னைப் பார்க்காமல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். நான் கோபப்படுவேன் என்று நினைத்திருப்பார் போல. கோபம் வரவில்லை. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போகிற வழியில், ஆற்றங்கரை வளைவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சத்தமாகப் பாடிக்கொண்டு போவேன். அப்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை.

அதைச் சொன்னேன். “என்ன பாட்டு?” என்று கேட்டார். சொல்லவில்லை.

இங்கே உண்மையை எழுத வேண்டும். அவர் ஊரில் இல்லாத காலை நேரங்கள் எனக்குச் சுலபமாக இருந்தன. யாருக்கும் தனியாகத் தேநீர் போட வேண்டாம், எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டாம். அவர் கத்தார் போய்விட்டால் அந்தச் சுலபம் திரும்ப வரும். அது வேண்டுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் வருவதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு.

ஜூலை 27, ஞாயிறு

காற்று நேற்றைவிட அதிகம். தென்னை மட்டை ஒன்று விழுந்து கோழிக்கூண்டு நசுங்கியது. கோழிக்கு ஒன்றுமில்லை.

மச்சான் கிளம்பும்போது நானும் ஸ்கூட்டி சாவியை எடுத்தேன்.

“நீ எங்க?”

“ஒங்க கூடத்தான். காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

“மேக்க. போறப்ப நமக்கு வலப்பக்கம்.”

“அப்ப நான் அந்தப் பக்கம் வர்றேன்.”

பாலம் தாண்டி, கைலியை மடித்து என் சீட்டுக்கு அடியில் வைத்தோம். வீடுகள் முடிகிற இடம் வந்தது. இரண்டு பக்கமும் குறுவைப் பயிர், காற்றில் ஒரே பக்கமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. நான் அவரை ஒட்டி வலப்பக்கமாக ஓட்டினேன். காற்று முதலில் என்மேல் மோதியது. புர்கா படபடவென்று அடித்தது. ஸ்கூட்டி கனம், அதனால் பெரிதாக அசையவில்லை. அவர் சக்கரம் நேராகப் போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பையன் மாதிரி ஒரு ஆச்சரியம் முகத்தில். வேகத்தைக் கூட்டினார், நானும் கூட்டினேன். அந்தச் சத்தத்தை இன்றுதான் பக்கத்திலிருந்து கேட்டேன். தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல்.

சத்தம் வந்தால் நினைப்பு வராது என்றாரே. வந்திருக்கிறது.

“ஜரீனா, கத்தாருக்குப் பதில் சொல்லணும். போகவா, வேணாமா?”

“நீங்க முடிவு...” என்று ஆரம்பித்தேன். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

“என்னா?”

“ஒண்ணுமில்ல!”

“கேக்கல, சத்தமாச் சொல்லு!”

என்ன ஆயிற்று எனக்கு என்று தெரியவில்லை. பிரேக் பிடித்து ரோட்டோரம் நிறுத்தினேன். அவர் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றார். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

“போகாதீங்க!”

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா கையிலிருந்த கோரையோடு கேட்டார், “எங்க போறாராம்மா?”

“கத்தாருக்கு!”

“சைக்கிள்லயா?”

வரப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர். மச்சான் சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார். சிரிக்கவில்லை. “இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“நீங்க கேட்டதே இல்ல. ‘போறேன்’னுதான் சொல்லுவீங்க.”

திரும்பும்போது காற்று இடப்பக்கம். நான் ஓரமாகவும் அவர் நடுரோட்டிலுமாகப் போக, லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். சரிவராது என்று இறங்கிவிட்டோம். வெட்டவெளி முடிகிற வரை அவர் சைக்கிளையும் நான் ஸ்கூட்டியையும் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

“இங்க எனக்கு என்ன வேலைன்னே தெரியல. நீயே எல்லாத்தையும் பாத்துக்குற.”

“ஆள் இல்லாததால பாத்துக்கிட்டேன். ஆசைப்பட்டா பாத்துக்கிட்டேன்?”

“நான் இருந்தா ஒனக்கு இடைஞ்சலா இல்லையா?”

“இருக்கு” என்றேன். “இருந்துட்டுப் போகட்டும்.”

ஸ்கூட்டியைத் தள்ளியதில் தோள்பட்டை வலி. தைலம் அவர்தான் தேய்த்துவிட்டார்.

ஜூலை 28, திங்கள்

பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். சாக்பீஸ் இல்லை.

மச்சான் கத்தாருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். பேசி முடித்துவிட்டு நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பயம், முகத்தில் தெரிந்தது. “எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்ல. பக்கத்தில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒன்றை எடுத்து உரித்தார்.

கும்பகோணத்தில் ஒரு ஏ.சி. கடையில் ஆள் கேட்டிருக்கிறார்களாம். நாளை போய்ப் பார்க்கிறார்.

ஜூலை 30, புதன்

லேசான தூறல். காற்று கொஞ்சம் அடங்கினாற்போல். துணி உள்ளே.

ஏ.சி. கடையில் திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஹமீதா லாத்தா வீட்டு ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகுகிறதாம். நேற்று வரை கேலி, இன்று “தம்பி, தம்பி”.

பரணில் இருந்து அந்தச் சாதாரண சக்கரத்தை மச்சானே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். காற்று மாதம் முடிகிற வரை முன்னால் அது, பின்னால் கறுப்புச் சக்கரம். “ரெண்டு ஊர்க்காரன் மாதிரி இருக்குல்ல?” என்கிறார்.

சாயங்காலம் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நிற்கச் சொன்னார். எதற்கு என்றால், லேடீஸ் சைக்கிளுக்குக் காலின் உள்ளளவு வேண்டுமாம், தரையிலிருந்து மேல்வரைக்கும்.

“எனக்கு எதுக்குங்க சைக்கிள், இந்த வயசுல?”

“அசையாம நில்லு.”

கூச்சத்தில் நான் சிரித்துவிட்டேன். அளவு தப்பிவிட்டது. அஃப்ரின் ட்யூஷனில் இருந்து வருவதற்குள் மறுபடி அளக்க வேண்டுமாம். கூப்பிடுகிறார்.