எரி அன்று, ஏரி: உவர்க்குடி மதகு காவலருக்கு

ஆனித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், நண்பகல். முந்தாநாள் என் கையால் எழுதிய ஓலையில் ஒரு சொல்லை இருவிதமாகப் படிக்க இடம் வைத்துவிட்டேன். பிழை எழுதியவனுடையது, படித்தவருடையது அன்று.

உப்பங்கழியை வயலாக்கிக் குடிகளுக்குத் தந்தவரும், ஏழு மதகுகளுக்கு உடையவருமான வெண்கழி நாட்டு அரசி தேவநங்கைப் பெருமாட்டியின் திருவாய்மொழிப்படி, நீர்க்காரியத்தில் ஓலை எழுதும் நக்கன் காடவன், உவர்க்குடி மதகு காக்கும் சேந்தன் அரையருக்கு எழுதுவது. தங்கள் ஊரில் மழை தவறாதிருக்க, கரை உடையாதிருக்க, குடிகளின் அடுப்பு அணையாதிருக்க.

கடல் புகுந்த வயல்களைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு, "உவர்க்குடி வயல் நாற்பதுக்கும் ஏரி விடுக" என்று எழுதினேன். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நாம் குறிலுக்குப் புள்ளி இடுவதில்லை. ஆகவே அச்சொல்லின் முதலெழுத்தை நீட்டிப் படித்தால் ஏரி, குறுக்கிப் படித்தால் எரி. கணுக்கால் தண்ணீரில் நின்றும் நாற்று வாடுவதைக் கண்ட தாங்கள் அதை நோய் என்று கொண்டு, அரசி கொளுத்தச் சொன்னதாகவே படித்தீர்கள். பந்தத்துடன் வந்த ஆள்களை வேம்பி என்னும் உழத்தி வரப்பில் அமர்ந்து தடுத்தாள் என்றும், தான் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் அரசி முன் சொல்லக் கேட்டுக்கொண்டாள் என்றும் தங்கள் தூதர் உரைத்தார். அவள் மொழி இது:

"ஏன் அரையரே, தண்ணிக்குள்ள நிக்கிற பயிரை எப்படிக் கொளுத்துவீரு? பந்தத்தை முக்கி முக்கி எடுப்பீரா? எழுதினவன் தூக்கத்துல எழுதினானோ என்னவோ, ஆள் விட்டுக் கேட்டுட்டு வாரும். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அரசி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எழுந்திருந்தால் நாற்பது வயலின் நாற்றும், அவற்றை நம்பிய குடிகளின் ஓராண்டுச் சோறும் என் ஒரு சொல்லால் போயிருக்கும்.

நாற்றுக்கு நோய் இல்லை, தாகம். தண்ணீரில் நின்றும் தாகம் எப்படி என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நான் பயிலும் மருத்துவச் சாலையின் அந்தி வகுப்பில், பெருக்கிக் காட்டும் பளிங்கின் கீழ்ச் சிவந்த வெங்காயத்தின் மெல்லிய தோலை வைத்துப் பார்த்தோம். செங்கல் அடுக்கியது போல் சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும், கண்ணுக்கு எட்டாத ஒரு சவ்வுக்குள், சிவந்த சாறு. அதன்மேல் உப்புநீர் ஒரு துளி விட்டதும் சாறு சுவரை விட்டு விலகிச் சுருங்கியது. நிறம் வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. அச்சவ்வு தண்ணீருக்கு எளிதில் வழி விடும், உப்புக்கும் நிறத்துக்கும் அப்படி விடாது. வெளியே உப்பு மிகுந்தால் தண்ணீர் அப்பக்கமே போகும்; அதைத் தள்ள ஆள் வேண்டாம். நல்ல தண்ணீர் விட்டபோது சாறு மறுபடி சுவரைத் தொட்டது. தங்கள் நாற்றின் வேரும் இத்தகைய அறைகளால் ஆனதே.

உப்புக்குச் சவ்வில் வேறு வாயில்கள் உண்டு. அவற்றின் வழியே புகுந்த உப்பை வெளியேற்றப் பயிர் தன் வலிமையைச் செலவழிக்கிறது. கடல் புகுந்ததிலிருந்து ஐந்து நாளாகச் செலவழிக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக எழுதவும் மாட்டேன்.

வெங்காயத்துக்கு நேர்ந்தது நெல்லுக்கும் நேருமா என்ற ஐயம் என்னை விடவில்லை. தூதர் சான்றாகக் கொண்டுவந்த பத்து நாற்றில் ஐந்தை அவர் குடுவையில் இருந்த வயல்நீரிலும், ஐந்தை அரண்மனைக் கிணற்று நீரிலும் நேற்றுக் காலையில் வைத்தேன். இன்று காலை வயல்நீரில் இருந்த ஐந்தும் கிடந்தபடியே கிடந்தன. கிணற்று நீரில் நான்கு நிமிர்ந்துவிட்டன, ஒன்று நிமிரவில்லை. கலத்தை மாற்றி வைத்துவிட்டேனோ என்று நீரை இருமுறை நாவில் இட்டுப் பார்த்தேன், மாற்றவில்லை. ஐந்தில் ஒன்று போகலாம் என்பதை மறைக்காமல் அரசியிடம் சொன்னேன். நான்கு நிற்கும் என்றால் அதுவே தமக்கு நிறைவு என்றார். எனக்கும் நேற்று முழுதும் இறங்காத சோறு இன்று காலைதான் இறங்கியது.

இனி நீர்க்காரியத்து ஓலைகளில் அச்சொல்லைத் தனியே எழுதுவதில்லை. தீ வேண்டுமெனில் தீ என்றும், தண்ணீர் வேண்டுமெனில் ஏரித் தண்ணீர் என்றும் எழுத அரசி இசைந்தார்.

அரசியின் முத்திரை இட்டு விடுக்கும் ஆணை: நாளை, இருபத்திமூன்றாம் நாள், கதிர் எழும்போது வயலில் நிற்கும் உவர்நீரைக் கழிக்கு வடிக்க. ஏரித் தண்ணீர் மதகைத் திறந்து நான்கு விரல் உயரம் நிரப்புக. நண்பகல் வரை நிறுத்தி மறுபடி வடிக்க. மறுபடி நிரப்புக. ஒவ்வொரு முறையும் வடியும் நீரை வேம்பி சுவைத்துப் பார்ப்பாள். அவள் போதும் என்னும் வரை மதகை மூட வேண்டாம். அவள் சொல் இவ்வோலையின் சொல்.