பேரல் கொசுவும் என் ரத்தமும்

நவம்பர் 4, திங்கள்

எனக்கு மலேரியா. பழைய பேரல் வாங்க ஒடிசா போன இடத்தில் கடி வாங்கியிருக்கிறேன். கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற பிள்ளை கரோலின் என் ரத்தத்துளியைப் பெரிதாக்கிக் காட்டியது. சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி கிருமி. வாடகை தராத குடித்தனம்.

போன மாதம் என் குடோன் பேரல்களில் கரோலின் அள்ளிப்போன கொசுப்புழுவெல்லாம் இப்போது கூண்டில் கொசுவாம். மாத்திரை போடுமுன் என் ரத்தத்தை அதுகளுக்குக் குடிக்கக் கொடுத்து, உள்ளே கிருமி வளருதா என்று பார்க்கணுமாம்.

"என்ன தருவே?"

"ரத்தத்துக்கு ரூவா குடுக்கப்படாது அண்ணாச்சி. டீ வாங்கித் தாரேன்."

கொசுவும் என் சரக்கு, ரத்தமும் என் சரக்கு. கிடைத்தது ஒரு டீ.

நவம்பர் 5

மாத்திரையை ராஜராஜேஸ்வரி தன் கையில் வைத்துக்கொண்டாள். "காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டிருவிய." கட்டியவளுக்குத் தெரியாதா.

நவம்பர் 7

குடோன் வாசலில் நாற்பது பேரல், வாய்வரை தண்ணீர், வாரக்கணக்காக. ஓட்டை இல்லை என்று நான் சொல்லவே வேண்டாம், தண்ணியே சொல்லும். இருபது வருஷமாக என் நாணயமே அதுதான். அந்தக் கொசுவுக்குள் கிருமி வளர்ந்தால்? இங்கே என்னைக் கடித்த கொசு நாளைக்கு மகேஸ்வரனைக் கடிக்கும் — லோடு ஏற்றுகிறவன், பிள்ளைகுட்டிக்காரன். எல்லாத்தையும் கவுத்தணும். யாவாரம் என்ன ஆகும்?

வளராமப் போகட்டும் சனியன்.

நவம்பர் 14

வளர்ந்துவிட்டது. கொசு வயிற்றின் மேல் குட்டிக் கொப்புளங்கள், பொரித்த அப்பளம் மாதிரி. கரோலினுக்கு வாயெல்லாம் பல்.

"உனக்கு ஆராய்ச்சி நிமிர்ந்துட்டு, எனக்குல்லா பேரல் கவுந்துட்டு" என்றேன்.

"எல்லாத்தையும் கவுத்திட்டா எனக்குப் புழு ஏது அண்ணாச்சி?"

ஆகா. அப்போ பேசலாம்.

நவம்பர் 18, திங்கள்

கவிழ்த்தாச்சு. களக்காட்டு வாழை விவசாயி திருஞானசம்பந்தம் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாம் குப்புறக் கெடக்கு? ஓட்டையோ?"

"உம்ம கண்ணு முன்னாலயே நெரப்புதேன். டீ குடிச்சிட்டு வந்து பாரும்வே. ஒழுகுனா எடுக்காதேயும்."

டீயைக் குடித்தார், தடவிப் பார்த்தார், ஆறு பேரல் ஏற்றினார். அதே தண்ணீரை ஒவ்வொரு பேரலாக மாற்றி மாற்றிக் காட்டினோம். இது முன்னமே தோன்றவில்லையே.

சாயங்காலம் கரோலினோடு பேசி முடித்தது: புழுவுக்குத் தண்ணிப் பேரல் இரண்டு, சித்திரை வரை. வாடகை இல்லை. சிறகு முளைக்குமுன் அள்ளிப்போவது கரோலின் பொறுப்பு. பதிலுக்கு மகேஸ்வரன் முதல் குடோன் ஆட்கள் அத்தனை பேருக்கும் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. டீ கரோலின் செலவு.