சங்கத்துக்கு ஒரு தட்டு கட்லட்

மெல்பேர்ண்
16.10.2018

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? கற்பிட்டியில் காற்று அடங்கி, தம்பி கடலுக்குப் போகிறானா? நான் நல்ல சுகம்.

தனியாகத் தொழில் நடத்தும் உளவியலாளர்களின் சங்கத்துக்கு அடுத்த தலைவி நான்தான். தை மாதம் பொறுப்பெடுக்கிறேன். பழகட்டும் என்று சனிக்கிழமைக் கூட்டத்தை என்னிடம் தந்தார்கள். நம் கோயிலில் அடுத்த வருடத் திருநாளைப் பொறுப்பெடுப்பவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு கொடுப்பார்களே, அந்தப் பழக்கத்தில் மீன் கட்லட் பொரித்துக்கொண்டு போய்விட்டேன். வெளிச் சாப்பாடு கூடாதென்று மண்டபக்காரர் வாசலிலேயே மறித்துவிட்டார். "கூட்டத்தைக் கண்டா அடுப்பு மூட்டுறவள் நீ" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் தட்டைத் திறந்தேன். வழக்கமாக உடனே ஓடிவிடுகிறவர்கள் இருட்டும்வரை நின்று கதைத்தார்கள்.

"நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். நாங்கள் சொல்வதைக் கேட்க இன்றைக்குத்தான் ஆள் கிடைத்தது" என்றார் ஒருவர்.

"நான் தலைவியானதும் மாதா மாதம் இப்படித்தான் கூடுவோம்" என்று அங்கேயே அறிவித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள், அம்மா.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நீங்கள் இடித்த கறித்தூள் அனுப்புங்கள். தூள் சுற்றும் காகிதச் சரையில் என் பெயரை நீங்களே எழுதுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். எனக்கு மட்டும் பொரித்தால் எப்போதும் மிஞ்சிப்போகும். அன்றைக்கு வெறுந்தட்டோடு வீடு வந்தேன்.

உங்கள்
மெலனி