பதவி தரமாட்டோம் என்று சொல்லி அழைத்த தியானம்

என் அருமை மகன் கியூவொனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நம் கொரியத் தென்கரைக் கோஹுங்கில் கடற்காற்று கூர்மையாகிவிட்டது. நான் நலமாக நடமாடுகிறேன், முழங்கால்கள் மட்டும் என் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. அங்கே வான்கூவரில் நீயும் மருமகள் மிர்யோங்கும் பேரன் ஹாயூலும் நோயின்றி, மனக்குறையின்றி, வேளைக்கு உண்டு உறங்கி வாழும்படி நாள்தோறும் இறைவனை மன்றாடுகிறேன். எனக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்துவிட்டதாகவும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் பிறக்குமுன் நம் கோவில் பங்குப் பேரவையின் தலைமையை யாரிடமேனும் ஒப்படைத்துவிட்டு, இனித் திரும்புவதில்லை என்ற முடிவோடு வந்துவிடும்படியும் நீ கேட்டிருந்தாய். காலம் தாழ்ந்தாலும் அதற்கு விடையே இக்கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இடைமறிப்பாய், நான் குரலை உயர்த்துவேன், நெல்விலைக்காகச் சந்தைத் திடல்களில் முழங்கிப் பழகிய குரல் தாயின் குரலாகத் தணிய நேரமாகும், அதற்குள் நீ பேச்சை முடித்துவிடுவாய். எழுத்தென்றால் இறுதிவரை நீ கேட்டே ஆகவேண்டும்.

ஆண்டுதோறும் திருவருகைக்காலத்திற்கு முன் நம் பங்கின் தலைவர்கள் தியானத்திற்குப் போவதும், திரும்பி வந்ததும் புதிய பொறுப்பாளர்கள் பெயர் கோவிலில் அறிவிக்கப்படுவதும் உனக்குத் தெரியும். இவ்வாண்டு அதை ஏற்பாடு செய்யும் சுமை என் தோளில். வெறும் சுமையன்று மகனே, உயிர்ச்சுமை. தெருத்தெருவாகக் கூடி மன்றாடும் அன்பியங்களுக்குத் தலைவர்கள் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு இங்கே குருவானவர் தங்கமாட்டார், நம் பங்கு நகரத்துப் பங்கின் கிளையாகச் சுருங்கிவிடும், மாதம் ஒருமுறை யாரோ வந்து திருப்பலி நிறைவேற்றிவிட்டுப் போவார்கள் என்று மறைமாவட்டத்திலிருந்து சொல் வந்துவிட்டது. பங்குத்தந்தை மத்தியா இளைஞர், உன்னைவிடச் சின்னவர். கையைப் பிசைந்துகொண்டு, “தலைவரம்மா, தியானத்துக்கு ஆள் வந்தாத்தான் நமக்கு வாழ்வு, ஏதாச்சும் பண்ணுங்க” என்றார். நாள் குறிப்பதற்கே நாங்கள் பட்ட பாடு பெரும் பாடு. ஒரு கிழமையைச் சொன்னால் யூஜாப் பழம் பறிக்க வேண்டும் என்றார்கள், மறு கிழமையைச் சொன்னால் வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள் என்றார்கள், அதற்கடுத்ததைச் சொன்னால் கடற்பாசிக்காரர்கள் படகை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அறை பிரிக்கும்போது, முடிதிருத்தகம் வைத்திருக்கும் நம் அகத்தா, “போலிக்கார்ப்பு அண்ணனுக்குத் தனி அறை கொடுங்க சாமி, அவர் விடுற குறட்டையில மௌனத் தியானமா நடக்கும்? கல்லறையில கெடக்குறவங்களே எந்திரிச்சு உக்காந்துருவாங்க” என்றாள். அவரோ, “எந்திரிச்சா நல்லதுதானே, அன்பியத்துக்குத் தலைவர் ஆக்கிருவோம்” என்று திருப்பியடித்தார். இறந்தோர் மன்றாட்டுக் குழுவுக்கு அவர்தாமே தலைவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீடு திரும்பிச் சோற்றுக்குமுன் அமர்ந்தபோது அந்தச் சிரிப்பை யாரிடமாவது திரும்பச் சொல்ல வேண்டும் போலிருந்தது. குளிர்பெட்டியிடம் சொன்னேன், அது உறுமியது.

இடம், ஊர்தி, உணவு எல்லாம் ஒழுங்காயின, எங்கள் சிலரைத் தவிர வருவதற்குத்தான் ஆளில்லை. அகத்தாவைக் கேட்டேன், உள்ளதை உடைத்தாள்: “அக்கா, கோவிச்சுக்காதீங்க. தியானத்துக்குப் போறவங்க முதுகுல ஒரு பதவியை ஒட்டித்தான் சாமி அனுப்புவாருன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சே யாரு வலையில வந்து விழுவா?” அந்தச் சொல் என்னைச் சுட்டது. அடுத்த ஞாயிறு வாசக மேடையேறி நின்றேன். அன்பர்களே, இது பதவி சுமத்தும் கூட்டமன்று, களைத்த உள்ளங்கள் இளைப்பாறும் கூடாரம், இத்தியானத்தில் எவர்மீதும் எப்பொறுப்பும் சுமத்தப்படாது, இது உங்கள் தலைவியின் வாக்கு, வாக்குத் தவறின் இந்த மேடையில் இனி ஏறேன் என்று முழங்கினேன். கோவில் அதிர்ந்தது, கைதட்டலும் எழுந்தது. மறுநாளே பெயர்கள் வந்து குவிந்தன. பங்குத்தந்தைதான் தலையில் கை வைத்தார். “ஆளைச் சேத்துட்டீங்க தலைவரம்மா, என் கையைக் கட்டிட்டீங்களே” என்றார். வென்ற களத்தில் தோற்று நிற்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றேன்.

தியான இல்லத்தில் நுழைந்ததும் எல்லாருடைய கைப்பேசிகளையும் அணைத்து ஒரு கூடையில் வாங்கி வைத்தேன். மௌனம் முழுமையாக வேண்டும் என்று என் பிடிவாதம். மறுநாள் நண்பகல் உணவின்போது அவ்வில்லத்துச் சமையற்காரப் பெண் மெல்ல வந்து, நம் ஊர் இழவு மண்டபத்திலிருந்து அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்பு என்றாள். படகுத்துறையில் பயணச்சீட்டுக் கொடுத்தாரே அன்செல்மோ ஐயா, உனக்கு உலர்மீன் கடிக்கக் கொடுப்பாரே, அவர் முந்தின நாள் மாலையே இறந்துபோனாராம். மனைவி இல்லை, ஒரே மகன் சிட்னியில். மண்டபத்தார் நம் பங்கில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைத்திருக்கிறார்கள். நம்மில் ஒருவர் இறந்தால் இரு பக்கமாக அமர்ந்து மாறி மாறி மன்றாட்டுப் பாட ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் என்னோடு, எங்கள் கைப்பேசிகள் அத்தனையும் கூடையில். மௌனம் முழுமையாகத்தான் இருந்தது மகனே, அவருக்கும். போலிக்கார்ப்பு கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். பைகளை எடுத்துக்கொண்டு ஊர்தியில் ஏறினோம். சிறப்புரை ஆற்றவிருந்த துறவியும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் அவர் படம் இருந்தது, வெள்ளைச் செவ்வந்திகள் இருந்தன, படத்தின் பக்கத்தில் பிள்ளைகள் நின்று வணக்கம் ஏற்கும் இடம் வெறுமையாக இருந்தது. எத்தனையோ கூட்டங்களை எதிர்கொண்டவள் நான், அந்த வெற்றிடத்தை எதிர்கொள்ள முடியவில்லை. போய் நானே அங்கு நின்றுகொண்டேன். வந்தவர்கள் குனிந்தார்கள், நானும் குனிந்தேன், முழங்கால்கள் அன்று ஒருமுறையும் மறுக்கவில்லை. போலிக்கார்ப்பு தொடங்க, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாட்டு எழுந்தது. விமானத்திற்குக் காத்திருந்த அவர் மகன் கைப்பேசித் திரையில் வந்தான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். “பேச வேணாம்மா, அவங்க பாட்டை நிறுத்திராதீங்க, அதை மட்டும் எனக்குக் கேக்க விடுங்க” என்றான். முகம் தெரியவில்லை, திரை நனைந்ததுபோல் இருந்தது, நனைந்தது என் கண்ணோ என்னவோ. அவன் குரலில் உன் குரலைக் கேட்டேன், அதை மறைக்கமாட்டேன்.

பாடிக் களைத்துக் காரமான மாட்டிறைச்சிச் சூப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது அகத்தா திடீரென்று, “எங்க தெரு அன்பியத்தை நான் பாத்துக்கிறேன் சாமி” என்றாள். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார், நான் என் வாக்கை நினைவூட்டினேன். “நீங்க குடுக்க மாட்டோம்னுதானே அக்கா சொன்னீங்க, நாங்களா எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லலியே. இந்தப் பங்கு போச்சுன்னா என்னைய யாரு பாடி அனுப்புவா? முடிவெட்ட வந்தவங்களா?” என்றாள். அதன்பின் ஒருவர்பின் ஒருவராகக் கை உயர்ந்தது. கடற்பாசிக்காரர் ஒருவர் இரண்டு அன்பியங்களை ஏற்றார், படகில் ஏறினால் இரண்டும் ஒரே தூரந்தான் என்றார். மேடையில் நான் முழங்கிச் செய்ய முடியாததைச் செத்துக் கிடந்த ஒரு மனிதர் வாய் திறவாமல் செய்துவிட்டார். எல்லாம் நிரம்பிற்று, ஒன்றைத் தவிர. பேரவைத் தலைமைக்கு யார் என்று பங்குத்தந்தை கேட்டதும் எல்லாருக்கும் சூப்புக் கிண்ணத்துக்குள் தேட ஏதோ கிடைத்துவிட்டது. நீ ஒழுங்கு செய்த அறையை அப்போது நினைத்தேன். நினைத்துக்கொண்டே, நானே இருக்கிறேன் என்றேன். திருவருகைக்கால முதல் ஞாயிறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. குருவானவர் நம்மோடு தங்குகிறார்.

ஆகவே நான் வரவில்லை, மகனே. கோபம் கொள், உனக்கு அந்த உரிமை உண்டு, மருமகள்மீது மட்டும் அதைக் காட்டாதே. தனிமை இல்லாததால் வரவில்லை என்று எண்ணிவிடாதே. கிம்ச்சி போட்டபோது பழக்கத்தில் உன் பங்கையும் சேர்த்துப் போட்டுவிட்டு, ஜாடியை மூடாமல் நெடுநேரம் நின்றேன். திருநாள் கூட்டத்தில் ஊரே என் பேச்சைக் கேட்கிறது, வீட்டில் என் இருமலைக் கேட்க ஆளில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஆனால் உன் வீட்டிலும் பகலெல்லாம் நீங்கள் வேலைக்குப் போன பின் மொழி தெரியாத சன்னலைத்தான் பார்த்திருப்பேன். இங்கே என் தனிமைக்கு வேலை இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. ஹாயூலிடம் வீட்டில் நம் மொழியிலேயே பேசு. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. யூஜாத் தேன்பாகு இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன், தொண்டை கரகரத்தால் வெந்நீரில் கலந்து குடியுங்கள்.

இறைவன் உங்கள் மூவரையும் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், அன்னை மரியாளின் நிழல் உங்கள் கூரைமேல் படரட்டும். ஒன்றே ஒன்றை நினைவில் வை. என் இழவுக்கு விழுந்தடித்து ஓடி வராதே. அதற்கு இங்கே ஆள் இருக்கிறது, பாட்டுக்குக் குறைவிராது. நீ வருவதானால், கதவைத் தட்டும்போது நானே எழுந்து வந்து திறக்கும் காலத்தில் வா.

உன் அம்மா
மா போக்நிம் கத்தரீனா