மண் வாடை

ஏப்ரல் 4

காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் அறை வாசலில் நின்றேன், ஒரு நெடியும் தெரியவில்லை. தினமும் ஏரித் தண்ணீரைக் குடுவையில் இளஞ்சூடாக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டியவள் நான். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "இந்த மாசம் நான் மோந்து பாக்குறேம்மா. அப்புறமும் வரலேன்னா உன்னை வேற பிரிவுக்கு மாத்தித்தான் ஆகணும்" என்றார். பாவம், அவருக்கே வருஷம் பூரா ஜலதோஷம்.

ஏப்ரல் 5

வேலை கிடக்கட்டும். பாப்பா தலையை மோந்தால் சுவரை மோந்த மாதிரி இருக்கிறது. பெத்தவளுக்கே பிள்ளை வாசனை தெரியாதா? "எப்படிங்க இருக்கு, சொல்லுங்களேன்" என்று இவரைக் கேட்டேன். உச்சியில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் யோசித்தார். "எப்படிச் சொல்றது... பாப்பா மாதிரி இருக்குடி." இதைச் சொல்ல ஒரு ஆள்! சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

ஏப்ரல் 11

சோப்பு, காப்பித்தூள், இவர் காலுறை எல்லாம் மோந்தாச்சு. ஊஹூம்.

ஏப்ரல் 19

வெயிலுக்கு ஏரியில் பாசி மண்டியிருக்கிறது. சும்மாதான் குடுவையைத் திறந்தேன் — மண்! மழை விழுந்த மண்! மற்றவர்கள் மண்வாசனை என்று உருகுவார்கள். பாசியால் தண்ணீரில் வரும் இதை நாங்கள் பதிவேட்டில் மண் வாடை என்று எழுதுவோம். குழாயில் வந்தால் ஊரே புகார் சொல்லும்.

"சார், நாறுது சார்! சூப்பரா நாறுது!"

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே நம்மளத் திட்டப்போகுது, இவ என்னடான்னா குதிக்கிறா!"

உடனே வாடையை உறிஞ்சக் கரித்தூள் போட்டோம். படிகாரம் கலந்து அழுக்கைப் படியவிட்டோம். சாயங்காலம், மணலில் வடிந்து வந்த தண்ணீரை, குளோரின் சேர்ப்பதற்கு முன் மோந்தேன்.

ஒன்றுமே இல்லை.

தண்ணி சுத்தமாயிடுச்சா, இல்ல மூக்கு மறுபடி போயிடுச்சா? ஓடிப்போய்க் காலையில் எடுத்த ஏரித் தண்ணீரைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. அப்பாடா! தண்ணிதான் சுத்தம். "நாளையிலேர்ந்து நீயே மோந்து பாரும்மா" என்று மேலாளர் மூக்கைச் சிந்திக்கொண்டே போனார்.

ஏப்ரல் 20

நேற்று வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பாப்பாவைத் தூக்கினேன். கழுத்து மடிப்பில் புளித்த பால். காதுக்குப் பின்னால் வேர்வை. என் தங்கமே! நான் மோந்து முடிப்பதற்குள் அவள் என் கழுத்தில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, அப்படியே தூங்கிப்போனாள்.

எனக்கு அவள் மணக்காத இத்தனை நாளும், அவளுக்கு நான் மணந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன்.