உன் பெயரில் வந்த வாழ்த்து அட்டை

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதை நான் நம்பவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், சிக்னல் சரியில்லை என்பாய், அதற்குத்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதும் படி. படித்து முடிப்பதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று யோசனை கேட்காதே. கேட்டாலும் பிரயோசனம் இல்லை, அவர் போன் இப்போது என் மடியில்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். காலையில் அப்பா கீழே தபால் பெட்டிவரை போய்விட்டு ஒரு உறையோடு மேலே வந்தார். "இந்தா, உன் பொண்ணு மறக்கல பாரு" என்றார். உறை உன்னுடையதுதான், உன் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீ இழுக்கிற அதே இழுப்பு. ஆனால் வாய் பிரிந்திருந்தது. ஏன் என்று கேட்டேன், ஆசை தாங்காமல் தானே பிரித்துவிட்டதாகச் சொன்னார். கரண்ட் பில்லைக்கூட நான் பிரிக்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போகிற மனிதர் அவர். அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது. உள்ளே வெள்ளை அட்டை, அதில் ஆறு இதழோடு ஒரு நீலத் துணிப் பூ, நடுவில் வெள்ளிக் காகிதத்தில் ஒரு வட்டம். கீழே "அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று பத்திரிகையிலிருந்து எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டியிருந்தது, ஆளைக் கடத்தினவன் வீட்டுக்கு அனுப்புகிற மிரட்டல் கடிதம் மாதிரி. திறந்தால் உள்பக்கம் வெறுமை. என்னைக் கிண்டல் பண்ணி நாலு வரி எழுதாமல் நீ ஒரு வருஷமாவது விட்டிருக்கிறாயா? போன வருஷம் நான் சினிமா பார்க்கிறேன் என்று உட்கார்ந்து பத்தாவது நிமிஷம் குறட்டை விடுவதைப் பற்றி எழுதி, பக்கத்தில் படம் வேறு போட்டிருந்தாய்.

நான் இருபத்தாறு வருஷமாகச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுகிற மேசையில் நிற்கிறவள். யார் வெட்டின துணி என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அங்கே எல்லோருக்கும் இதனால் என்மேல் பயம். உன் வெட்டு எனக்குத் தெரியாதா? ஐந்து வயதில் முனை மழுங்கின கத்திரியை உன் கையில் கொடுத்து, புது வருஷத்துக்கும் டீச்சர் பிறந்தநாளுக்கும் அட்டை செய்ய உட்கார்த்தி வைத்தவளே நான்தானே. காகிதத்தைத் திருப்பு, கத்திரியைத் திருப்பாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், நீ கேட்டதே இல்லை. அதனால் நீ வெட்டுகிற ஒவ்வொரு வளைவிலும், கத்திரி திரும்புகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழும். இந்தப் பூவில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, "பிள்ளை இப்பத்தான் ஒழுங்கா வெட்டக் கத்துக்கிட்டிருக்கா, அதுக்கும் குறை சொல்றியே" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில் இருந்தது.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கிறதா? கேமரா கெட்டுப்போய்விட்டது என்று ஒரு மாதத்துக்கு மேலாக நீ குரலாகத்தான் வருகிறாய். அட்டை அருமை என்றேன். "பிடிச்சிருக்காம்மா?" என்றாய். அந்த மஞ்சள் பூவுக்கு எந்தத் துணி வைத்தாய், நான் அனுப்பின வெட்டுத்துணிப் பொட்டலத்திலிருந்தா என்று கேட்டேன். "ஆமாம்மா, நீ அனுப்பினதுதான், மஞ்சள் நல்லா எடுப்பா இருக்குல்ல?" என்றாய். பூ நீலம். சரி உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன். உன் பெயரில் வந்த அட்டையை நீ கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சனி ஞாயிறு இரண்டு நாளும் என் புத்தி போகாத இடம் இல்லை. கடையில் வாங்கியிருப்பாய் என்று நினைத்தேன், கடைக்காரன் எழுத்தை இப்படிக் கோணலாகவா ஒட்டுவான்? பிறகு எவனோ ஒருத்தன் உன் சார்பில் செய்து அனுப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். பொறுமையாகக் காகிதத்தைத் திருப்பி வெட்டுகிறவன், நம் எழுத்து எழுத வராதவன், அதனால்தான் பத்திரிகையை வெட்டி ஒட்டியிருக்கிறான். நீ எனக்குச் சொல்லாமல் அவனோடு குடித்தனமே ஆரம்பித்துவிட்டாய் என்றுகூட யோசனை போனது. இரண்டு நாள் மனசுக்குள்ளேயே அவனோடு சண்டை போட்டதில் அவன் முகம் எனக்கு ஓரளவு பழகிவிட்டது. மெதுவாக அப்பாவிடம் இதை எடுத்தேன். பெண்ணைப் பெற்றவர் குதிப்பார், மறுப்பார் என்று பார்த்தால், ஏதோ பெரிய பாரம் இறங்கின மாதிரி "இருந்தாலும் இருக்கும்" என்றார். அந்த இடத்தில்தான் என் சந்தேகம் உன்னை விட்டு இவர் பக்கம் திரும்பியது.

நேற்றுக் காலை தபால்காரரைப் படியிலேயே மறித்தேன். "போன வாரம் முழுக்க உங்களுக்கு ஒண்ணுமே வரலையேம்மா, வந்திருந்தா நான்தானே கொண்டாந்திருப்பேன்" என்றார். மேலே வந்து, அலமாரிக்குள் நான் உன் அட்டைகளை வைத்திருக்கும் ஷூ பெட்டியை இறக்கினேன். ஒவ்வொன்றையும் அதனதன் உறையோடுதான் வைத்திருப்பேன். போன வருஷ அட்டை மட்டும் உறையில்லாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமை வந்த உறையை வெளிச்சத்தில் பார்த்தேன், முத்திரையில் மாதம் சரியாக இருக்கிறது, வருஷத்தின்மேல் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் தேய்க்கவில்லை. பூவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தடவினேன். நெய்த துணி இல்லை, வழவழவென்று இருந்தது, ஒரு இதழின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டின பழைய விளிம்பு அப்படியே மிச்சம். என் கண்ணாடிக் கூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் துடைக்கிற துணியைப் பக்கத்தில் வைத்தேன். அதே நீலம், அதே பல். நடுவில் இருந்த வட்டத்தின்மேல் என் கண்ணாடியைக் கவிழ்த்தால் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர் வேறு எதை வைத்து வட்டம் போடுவார்?

செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டது, ஏன் என்றுதான் தெரியவில்லை. நீ என் பிறந்தநாளை மறந்துவிட்டாய், அதை மூடத்தான் இவர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கண்ணாடிக் காம்பு லூசாகிவிட்டது என்ற சாக்கில் கடைக்கே போனேன். அப்பா பின்பக்கம் இயந்திரத்தில் இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. முன்னால் மேசையில் இருக்கும் பெண், அதுதான் எப்போதும் உன் வேலையைப் பற்றி விசாரிக்குமே அது, என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, பொண்ணு கை இப்ப எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா?" என்றது.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிரித்தாச்சு என்று சொன்னேன், சொன்னால்தான் அது மேலே பேசும். "அட்டைப்பெட்டிக் கம்பெனியில மாதிரிப் பெட்டி வெட்டுற பிளேடாமே, மூணு விரல்னு சார் சொன்னாருக்கா. அஞ்சு வாரமா சார் சரியாவே சாப்பிடறதில்ல" என்றது. ஐந்து வாரம். ஒரு கடையே சேர்ந்து என் பெண்ணுக்காகக் கவலைப்பட்டிருக்கிறது, நான் மட்டும் இங்கே சட்டைக் கழுத்து வெட்டிக்கொண்டு, நீ ஏன் மெசேஜ் அனுப்பாமல் குரல் பதிவாகவே அனுப்புகிறாய், சோம்பேறி ஆகிவிட்டாய் என்று திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். காம்பை இறுக்கிக் கொடுத்தார்கள். இறுக்கத் தேவையே இல்லாத காம்பு, இப்போது காதை அழுத்துகிறது.

சாயங்காலம் அப்பா வந்ததும் காபியைக் கொடுத்துவிட்டு, அட்டையையும் உறையையும் துடைக்கிற துணியையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவர் மூன்றையும் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். "அவதான் சத்தியம் வாங்கிட்டா" என்றார். நீ என்ன சொல்லி அழுதாய் என்பதையும் சொன்னார். "அம்மாதான் எனக்குக் கத்திரி பிடிக்கக் கத்துக்கொடுத்தா, தன்னாலதான் நான் இந்த வெட்டுற வேலைக்கே போனேன்னு நெனச்சு இடிஞ்சு உட்கார்ந்துடுவாப்பா" என்றாயாம். பிறந்தநாள் நெருங்கினதும் அட்டை வராவிட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து, இவராகவே ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் செய்திருக்கிறார். "அஞ்சு அட்டை கிழிச்சுப் போட்டேன், ஆறாவதுதான் ஒரு மாதிரி வந்துச்சு. என் எழுத்துன்னு தெரிஞ்சுடுமேன்னுதான் பேப்பர்லருந்து வெட்டினேன். அவகிட்ட அட்டை வச்சுட்டேன்னு மட்டும் சொன்னேன், நிறம் சொல்ல மறந்துட்டேன்" என்றார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனிதர் என் பிறந்தநாளுக்கு வாயால்கூட வாழ்த்துச் சொன்னதில்லை, முதன்முதலாகத் தன் கையால் ஒரு அட்டை செய்திருக்கிறார், அதையும் உன் பெயரில் கொடுத்திருக்கிறார். பேனாவை நீட்டி, உள்ளே உங்கள் பெயரைப் போடுங்கள் என்றேன். வெகுநேரம் யோசித்து "ஏமாற்றியதற்கு மன்னிக்கவும்" என்று லீவு லெட்டர் மாதிரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ பயந்தது சரிதான், நேற்று ஒரு மணி நேரம் அப்படித்தான் இடிந்து உட்கார்ந்திருந்தேன், என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உட்கார்ந்தவள் எழுந்தும்விட்டேன் பார். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகப் படுத்திருந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்னும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்தப் பெண் மூன்று விரல் என்கிறது, அப்பா இரண்டு என்கிறார், இரண்டில் எது பொய்? மூன்று மாதத்தில் பிடி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம், டாக்டர் சொன்னாரா நீ சொன்னாயா? அந்தப் பிளேடுக்கு மூடி இருந்ததா இல்லையா, கம்பெனியில் என்ன எழுதி வாங்கினார்கள், ஒற்றைக் கையால் எதிலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். கையைப் படம் எடுத்து அனுப்பு, ஐந்து விரலும் விரித்து, தேதி தெரிகிற மாதிரி. பழைய படம் அனுப்பி ஏமாற்ற நினைக்காதே, உன் நகம் வளர்கிற வேகம் எனக்குத் தெரியும். அந்தக் கை திரும்பக் கத்திரி பிடிக்குமா பிடிக்காதா என்பதை இப்போது யோசிக்காதே. வருகிற புது வருஷத்துக்கு யாருக்கும் அட்டை செய்கிறேன் என்று உட்காராதே. பிடிக்காமலே போனாலும் போகட்டும், எனக்குத் தேவை அட்டை இல்லை.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், மேஸ்திரி முகத்தைத் தூக்கினார், தூக்கட்டும். வருகிற திங்கள் காலை அங்கே இருப்பேன். வர வேண்டாம் என்று சொல்லாதே, ஸ்டேஷனுக்கும் வராதே, விலாசம் உறையில் இருக்கிறது. இன்று காலை நான் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தேன், திடீரென்று ஒரு நினைப்பு வந்து அப்படியே நின்றுவிட்டேன். இந்த ஐந்து வாரமாக உனக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள்? ஒற்றைக் கையால் பின்ன முடியாதே. வெட்டிவிட்டாயா? வெட்டியிருந்தாலும் திட்ட மாட்டேன், ஆனால் சொல்லிவிடு.

சீக்கிரம் குணமாகி, நீண்ட ஆயுளோடும் முழுக் கையோடும் நீ நன்றாக இருக்க வேண்டும். கைக்கட்டு நனையாமல் பார்த்துக்கொள், குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்று. பாத்திரம் தேய்க்காதே, நான் வந்து தேய்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: நான் சொல்லவில்லை கண்ணு, அவளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு விரல்தான் என்று நானும் அடித்துச் சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குள் மூன்றாவது விரலைப் பற்றி நீயே அவளிடம் சொல்லிவிடு. – அப்பா

இதையும் நான் படித்துவிட்டேன். – அம்மா