‘முடியாது’ என்பதுதான் என் வசனம்

என் அலமேலு,

நாலு நாளாக உன் புருஷன் வடக்கனந்தல் தெருவில் ஒட்டு மீசையோடு திரிகிறான். திருவிழா நாடகத்துக்கு ஒட்டினது. மேக்கப்காரர் என்ன பசை போட்டாரோ, தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. பால் ஊற்றப் போனால் சொசைட்டியில், "இன்னா ஜமீனு, இன்னிக்கி பாலு கம்மியா கீது?" என்று கேட்கிறார்கள். நீ இருந்திருந்தால் ஒரே இழுப்பில் பிய்த்திருப்பாய்.

வருஷா வருஷம் நீ முந்தானையில் மூக்கைச் சிந்திய அதே நாடகம்தான். ஜமீன்தார் மகள் வண்டிக்காரன் மகனை விரும்புவாள். "சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா" என்று அப்பன் காலில் விழுவாள். அவன் "முடியாது!" என்பான். இரண்டு பேரும் விஷம் குடிப்பார்கள். அந்த "முடியாது"க்கு முன்வரிசைப் பெரியவர்கள் கை தட்டுவார்கள். பின்னால் இருக்கிற பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். தூற்றிவிட்டு வீட்டுக்குப் போய், தாங்கள் பெற்ற பெண்ணிடம் அதே "முடியாது"தான்.

நீ மட்டும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வருவாய். "ஒரு வருஷமாச்சும் அந்தப் பாவி சரின்னு சொல்லக் கூடாதா?" கதையே அப்படித்தான்டி என்பேன். "கதய எழுதனவன் பொண்ணு பெத்தவனா?" என்பாய்.

இந்த வருஷம் ஜமீன்தார் வேஷம் எனக்கு. பழைய ஜமீன்தாருக்கு முழங்கால் வலி. நாடக வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "வசனம் ஜாஸ்தி இல்ல. முக்கியமான எடத்துல ஒரே வார்த்த. அதுக்கு முன்னாடி மூச்சப் புடிச்சினு நில்லு. ஜனம் தவிக்கணும்." எட்டாவதையே இரண்டு தடவை படித்தவன் நான். ஒரு வார்த்தைதானே என்று துணிந்துவிட்டேன்.

நம் மலர் சங்கதியையும் உனக்குச் சொல்ல வேண்டும். கச்சிராயபாளையத்தில் டிராக்டர் மெக்கானிக் ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். நல்ல பையன். ஆனால் வேற ஆளுங்க. பங்குனியில் என்னிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றேன். அன்றிலிருந்து அவள் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை. உன் தம்பி வேறு, "அது மட்டும் நடந்துச்சி, உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நீயும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன்?

மேடைக்கு வருகிறேன். மகள் வேஷம் எலக்ட்ரீசியன் ரவிக்கு. சேலை தடுக்க, தடாலென்று காலில் விழுந்தான். "சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா!" வாத்தியார் சொன்னபடி மூச்சைப் பிடித்தேன். தபேலாக்காரர் தூக்கிய கை அப்படியே நின்றது. ஜனம் தவித்தது. நானும் தவித்தேன். கீழே, நீ வழக்கமாக உட்காருகிற இடத்தில் மலர். உன்னைப் போலவே துணியை வாயில் அடைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றேன். "கட்டிக்கோ."

ரவி தலையைத் தூக்கினான். "யோவ் மாமா, இன்னாய்யா ஒளர்ற? முடியாதுன்னு சொல்லு!" மைக்கில் ஊருக்கே கேட்டது. விஷக் கிண்ணத்தோடு காத்திருந்த காதலன் திரையை விலக்கி, "வாத்தியாரே, இப்ப நான் குடிக்கிறதா வேணாவா?" என்றான். உள்ளே நன்னாரி சர்பத்து. "குடிச்சிட்டுத் தாலியக் கட்டுடா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. உன் பெரியப்பா முன்வரிசையில் எழுந்து நின்று, "பொண்ணப் பெத்தவன் பேசற பேச்சாடா இது?" என்று கத்தினார். ஆர்மோனியக்காரர் பாவம், ஒப்பாரிக்கு வைத்திருந்த விரலால் கெட்டிமேளம் வாசித்தார். பெண்கள் பக்கமிருந்து விசில் பறந்தது.

வாத்தியார் இன்னும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் மலர்தான் என் மீசைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "வசனம் மறந்துட்டியாப்பா?" என்றாள். "ஆமாம்மா, வயசாவுதில்ல" என்றேன். அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தித் தேய்த்தாள். வலித்தது.

இந்த மீசை விழட்டும் அலமேலு. அன்றைக்கே, வேஷமில்லாத முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். உன் தம்பியைக் காலைப் பிடித்தாவது கல்யாணத்துக்குக் கூட்டி வருகிறேன். இது உன்மேல் சத்தியம்.

அவளிடம் வாய்விட்டுச் சொல்லாததை உன்னிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்: வசனம் எனக்கு மறக்கவில்லை.

உன் மலரோட அப்பன்